சித்திரை வெக்கையில் இளைக்கும் நாய்க்கு

வெள்ளவத்தை மாடிவீட்டில் உங்கள் நாய் நண்பகலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதாகவும், சோற்றைத் தொடுவதே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நாய்கள் பெரும்பாலும் நாக்கு, வாய், மூக்கு ஆகியவற்றின் ஈரத்தை ஆவியாக்கியே உடலைக் குளிர்விக்கின்றன. ஈரப்பதம் மிகுந்த கொழும்புக் காற்றில் அந்த ஈரம் எளிதில் உலராததால், பாவம், எவ்வளவு இளைத்தும் அதற்குப் போதுவதில்லை.

மின்விசிறியின் கீழ் வெறும் சீமெந்துத் தரையில் படுக்கவிட்டு, வயிற்றையும் பாதங்களையும் குழாய்த் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். ஈரத்துவாயால் போர்த்தி வைக்க வேண்டாம். அது சற்று நேரத்தில் சூடாகி, வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். எங்கள் வீட்டு நாயும் பகலில் உண்ணாது. இரவு 8 மணிக்கு வைத்தால் தட்டை நக்கித் துடைத்துவிடும். வெங்காயம் சேர்ந்த கறியை மட்டும் கலக்காதீர்கள்.

ஈறுகள் கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால், உடல் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கக்கூடும். உடனே நனைத்து, தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.