முல்த்தாரும் கொய்மாவும்

கேள்வி: லிஸ்பனில் பணிபுரியும் என் மகனுக்கு, காரைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்காகக் கடிதம் வந்திருக்கிறது. நண்பர்கள் 'முல்த்தார்' என்ற போர்ச்சுகீசிய வினையைச் சொல்கிறார்கள். கடிதத்திலோ 'கொய்மா' என்று இருக்கிறதாம். இரண்டும் ஒன்றா? முதல் சொல்லை எப்படி உச்சரிப்பது?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முல்த்தார் என்றால் அபராதம் விதித்தல். 'ஃபுய் முல்த்தாது' என்று ஒருவர் சொன்னால், தமக்கு அபராதம் போட்டுவிட்டார்கள் என்று பொருள். அழுத்தம் 'தா'வில் விழ வேண்டும். 'முல்தார்' என்று எழுதினால் நம் நாக்கு தகரத்தை மெலிதாக்கிவிடும் என்பதால்தான் இங்கே ஒற்றுச் சேர்த்து எழுதியிருக்கிறேன். 'முல்த்தாது'வின் கடைசித் 'து'வை மட்டும் 'அது' என்பதில் வருவதுபோல மென்மையாகவே சொல்லலாம். பிரேசிலில் லகரம் உகரமாகக் கரைந்து 'முஉத்தார்' என்று ஒலிக்கும். அங்கே பலர் கடைசி ரகரத்தையும் விழுங்கிவிடுவார்கள்.

பேச்சில் எல்லா அபராதத்துக்கும் இந்த வினையே வழங்கினாலும், போர்ச்சுக்கல் சட்டம் இரண்டையும் கறாராகப் பிரிக்கிறது. 'முல்த்தா' என்பது குற்றவியல் நீதிமன்றம் விதிக்கும் தண்டனை. அதை நாள்கணக்கில்தான் விதிப்பார்கள்: பொதுவாக 10 முதல் 360 நாட்கள் வரை, ஒரு நாளுக்கு 5 யூரோவா, 500 யூரோவா, இடைப்பட்ட தொகையா என்பதைக் குற்றவாளியின் வருமானத்தையும் குடும்பச் சுமையையும் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். ஒரே குற்றத்துக்கு ஏழையும் செல்வந்தரும் ஒரே தொகை கட்ட வேண்டியதில்லை என்ற இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால், கட்டாமல் விட்டால் அந்த நாட்களில் மூன்றில் இரண்டு பங்கைச் சிறையில் கழிக்க நேரலாம்.

கொய்மா அப்படியல்ல. 1982ஆம் ஆண்டின் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட நிர்வாக மீறல்களுக்கு அரசு அலுவலகங்களே விதிப்பது அது. கட்டாவிட்டால் சொத்து, சம்பளத்திலிருந்து வசூலிப்பார்களே தவிர, அதைச் சிறைவாசமாக மாற்ற முடியாது. வண்டி நிறுத்தல் விவகாரம் இந்த வகை. ஆகவே, சிறையை நினைத்து நீங்கள் கலங்க வேண்டாம். ஆனால் உங்கள் மகன் காலக்கெடுவைத் தவறவிடக் கூடாது. சாலை விதி மீறலுக்கு, அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து 15 வேலை நாட்களுக்குள் குறைந்தபட்சத் தொகையைத் தாமாகச் செலுத்தலாம், அல்லது எழுத்துமூலம் மறுப்புத் தெரிவிக்கலாம்.