வீட்டிலும் இங்கிலிஷா, ரீச்சர்?

கேள்வி: மகனுக்கு மூன்றரை வயது. வீட்டில் தமிழ். இங்கிலிஷ் நேர்சரியில் சேர்த்து இரண்டு மாதமாகிறது. அங்கே வாயே திறக்கிறானில்லையாம். "வீட்டிலும் இங்கிலிஷில் கதையுங்கோ" என்கிறார்கள். எதிர்வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடித்தான் குழம்பிவிட்டான் என்கிறார் மாமி. வீட்டிலோ ஓயாத வாய்!
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கடைசி வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. வீட்டில் ஓயாமல் கதைக்கிறவனுக்குப் பேச்சில் குறையில்லை. புது மொழிக்குள் போகிற பிள்ளைகள் பலர் முதலில் சில மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். மூன்று மொழி காதில் விழுவதால் பேச்சு பிந்தாது என்று மாமிக்குச் சொல்லுங்கள். விளையாட்டை மறிக்க வேண்டாம்.

தமிழையும் நிறுத்தாதீர்கள். எங்களில் பலருடைய வீட்டு இங்கிலிஷ் "கம், சிட், ஈட்" என்பதோடு சரி. கதை சொல்ல, கொஞ்ச, சண்டை பிடிக்க அது காணாது.

கரையோரம் கோச்சி போனால் உடனே "இது என்ன? என்ன கலர்? எத்தனை பெட்டி?" என்று சோதனை வைக்கிறோமே, அதை விடுங்கள். "இதில ஏறினா எங்க போகலாம்?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். (எனக்கே நாக்கு அரிக்கும்.) அப்படிக் காத்திருந்தபோது என் வகுப்புப் பொடியன் ஒருவன், "மாத்தறைக்குப் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரலாம், ஆனா அவர் நித்திரை" என்றான்.

போனில் வரும் கார்ட்டூன் இப்படிக் காத்திருக்காது. 2 முதல் 4 வயதுவரை திரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது.

கேட்கும் பழக்கத்துக்குக் கதையைப் பிழையாகச் சொல்லிப் பாருங்கள். "காகம் வடையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில இருந்துது." "இல்லை, மரத்தில!" என்று பாய்ந்தால் காது கதையில்தான் இருக்கிறது. அடிக்கடி சளி பிடித்து, டீவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிற பிள்ளை என்றால் வேறு கதை. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினாலும் சத்தம் மங்கும். சிறுவர் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நாலு வயது மகள் மரத்தை "மயம்" என்கிறாள். திருத்தலாமா?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: ரகரம் பிந்தித்தான் வரும். "திருப்பிச் சொல்லு" என்று நிற்பாட்டினால் சொல்ல வந்த கதை போய்விடும். "ஓ, மரத்தில அணிலா?" என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டு அணிலைப் பாருங்கள். வெளி ஆட்களுக்கு அவள் பேச்சே விளங்கவில்லை என்றால் மட்டும் பேச்சுச் சிகிச்சையாளரிடம் போங்கள்.