குழியில் எலும்புக்கூடு: பழையதா, புதியதா என்று நாயகி எப்படிக் கண்டுபிடிப்பாள்?

உங்கள் கதையில், தீவில் அகழாய்வு செய்யும் நாயகி எலும்புக்கூட்டைப் பார்த்ததுமே ‘இது அண்மைக் கொலை’ என்கிறாள், அது நம்பும்படி இல்லையே, எப்படி மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். சிக்கல், அவள் எலும்பின் நிறத்தை நம்புவதுதான். மண்கறை ஏறினால் புது எலும்பும் பழுப்பாகிவிடும்.

அவளைக் குழியின் பக்கச்சுவரைப் பார்க்க வையுங்கள். கரணையால் சுவரைச் செங்குத்தாகச் சீவி, லேசாகத் தண்ணீர் தெளித்தால் மண்ணடுக்குகள் நிறம் பிரிந்து தெரியும். சவக்குழி வெட்டப்பட்ட இடத்தில் அந்த அடுக்குகள் அறுபட்டிருக்கும். உள்ளே கலங்கிய, இளகிய மண் இருக்கும். வெட்டு எந்த அடுக்கிலிருந்து தொடங்குகிறது என்பதே முக்கியம். பிளாஸ்டிக் துண்டு கிடக்கும் அடுக்கையும் அறுத்துக்கொண்டு இறங்கியிருந்தால், குழி அதற்குப் பிந்தியது.

இதிலேயே உங்கள் சஸ்பென்ஸும் இருக்கிறது. வெப்பமண்டலத் தீவுகளில் நில நண்டுகள் வளை தோண்டி, மேலே கிடப்பதைக் கீழே இறக்கிவிடும். ஒற்றை பிளாஸ்டிக் துண்டை வைத்து அவள் நாயகனைச் சந்தேகிக்கட்டும்; பிறகு அதைச் சுற்றி நண்டு வளையின் வட்டத் தடம் தெரியட்டும். உடைந்த நம்பிக்கையை ஒட்டவைக்க நீண்ட வசனமே தேவைப்படாது.

எலும்பின் வயதைக் கணிக்கும் கார்பன் சோதனையின் முடிவை மறுநாளே வரவைக்காதீர்கள், வாரக்கணக்கில் ஆகும். ஆனால் 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைக் கூட்டியதால், அண்மைக்கால உடலை அது காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று: தீவின் மண்ணை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பவள மணலில் எலும்பு நன்றாக நிலைக்கும், அமிலத்தன்மையுள்ள எரிமலை மண்ணில் கரைந்துபோகும்.