மேல்பணத்துல வண்டி வேண்டாம் தம்பி

கேள்வி: அண்ணே, எனக்கு வயசு 23, ஊரு அழகியமண்டபம் பக்கம். நாகர்கோவில்ல ஒரு கடையில கணக்கு பாக்கிறேன், கைக்கு 21,000 வருது, அதுல வீட்டுக்கு 8,000 குடுப்பேன். போக வர 40 கிலோமீட்டர், இதுவரைக்கும் பஸ் தான். வண்டி ஓட்டத் தெரியாது, போன வாரம் தான் எல்எல்ஆர் எடுத்தேன். உயரம் 5 அடி 4. மாமா பையன் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக் தான் எடுக்கணும், சின்ன வண்டி எடுத்தா ஆறே மாசத்துல சலிச்சுப் போயிரும், எடுக்கிறதை ஒரேயடியா எடுன்னு நிக்கிறான். ஷோரூம்ல ஆன்ரோடு 3,60,000 சொன்னாங்க. அக்கா படிப்புக்காக அம்மாவோட 6 பவுனை 2021ல அடகு வச்சோம், இப்போ அந்தக் கடன் 2,70,000. வருசா வருசம் புதுக்கும்போது பவுன் ரேட் ஏறியிருக்கும், அதனால மேல்பணம்னு அதே நகை மேல கூடுதல் கடன் கொஞ்சம் எடுப்போம், இந்தத் தடவை 1 லட்சம் தருவாங்களாம். அதை முன்பணமா கட்டினா பாக்கி 2,60,000க்கு மாசம் 6,070 வச்சு 60 மாசம். கையில சேமிப்பு 30,000 இருக்கு. 5 வருசம் போடலாமா, இல்ல 3 வருசத்துல முடிக்கணுமா? அம்மா ஒண்ணும் சொல்லல.

பதில்: தம்பி, 5 வருசமும் வேண்டாம் 3 வருசமும் வேண்டாம். இதை மட்டும் எழுதிட்டு நிறுத்திரலாம்னு தான் நினைச்சேன், ஆனா நீ கடிதத்தோட அனுப்பியிருந்த அஞ்சு அடகுச் சீட்டு போட்டோவையும் வரிசையா வச்சுப் பார்த்ததுக்கு அப்புறம் வண்டி ரெண்டாவது விசயம் ஆயிப்போச்சு. கடன்னா வட்டி உண்டு, தவணை தள்ளினா அபராதம் உண்டு, இதெல்லாம் கணக்கு பாக்கிற உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. கடையில மத்தவன் கணக்கைப் பைசா சுத்தமா பாக்கிற நீ வீட்டுக் கணக்கை ஒரு தடவை கூட கூட்டிப் பாக்கலயேன்னு தான் எனக்கு ஆச்சரியம்.

கூட்டிப் பாப்போம். 2021ல வாங்கினது 1,00,000. வட்டி 10 சதவீதம்னு வச்சுக்கோ, சீட்டுல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கு, பரவாயில்ல. 2022ல அது 1,30,000 ஆச்சு, 2023ல 1,70,000, 2024ல 2,10,000, 2025ல 2,70,000. அப்போ நாலு தடவையா மேல்பணம் மட்டும் 1,70,000 எடுத்திருக்கீங்க. இதுல ஒவ்வொரு தடவையும் அந்த வருசத்து வட்டியை எங்கேருந்து கட்டினீங்க? 10,000, 13,000, 17,000, 21,000, மொத்தம் 61,000. வீட்டுல யாரும் தனியா எடுத்து வச்சுக் கட்டினதா நீ எழுதல. மேல்பணத்துல இருந்து தான் போயிருக்கும். ஆக வீட்டுக்கு வந்த மேல்பணம் 1,09,000 தான், முதல்ல வாங்கின 1 லட்சத்தையும் சேர்த்தா 2,09,000. கட்ட வேண்டியது 2,70,000. அசல்ல ஒரு ரூபா கூட இந்த நாலு வருசத்துல குறையல.

இது உங்க வீட்டுல மட்டும் நடக்கிறதில்ல, நம்ம ஜில்லாவுல பாதி வீட்டுல இதே கதை தான். புதுக்கிற நாளைக்கு யார்கிட்டயாவது காலையில பத்து மணிக்கு கைமாத்து வாங்கி, வட்டியும் முதலுமா கட்டி நகையைத் திருப்பி, அந்தக் கவர் சூடு ஆறதுக்குள்ள அதே கவுண்டர்ல மறுபடி வச்சு, பதினொரு மணிக்கு கைமாத்தைக் குடுத்துட்டு மீதியை எண்ணிக்கிட்டு வெளிய வருவாங்க. வரும்போது முகத்துல ஒரு சந்தோசம் வேற, ஏன்னா ரேட் ஏறியிருக்கு, கையில காசு இருக்கு. பவுன் விலை ஏறினா நகை வச்சிருக்கிறவனுக்கு லாபம்னு சொல்லுவாங்க, உங்க வீட்டுல அது ஏற ஏற கடன் தான் ஏறியிருக்கு. நகை உங்களுது, ஏத்தம் முழுக்க வட்டிக்காரனுக்கு.

இப்போ அந்த 1 லட்சத்துக்கு வருவோம். இந்த வருசத்து வட்டி 27,000 இருக்கே, அதை மறந்துட்டியா? அது போக கைக்கு வாறது 73,000. ஷோரூம்ல 1 லட்சம் கட்டணும்னா பாக்கி 27,000க்கு உன் சேமிப்புல கை வைக்கணும், 30,000ல மிச்சம் 3,000. வண்டி எடுத்த முதல் நாளே பேங்க்ல 3,000 ரூபாயோட நிக்கிற. அதுக்கு அப்புறம் மாசச் செலவைப் பாரு. தவணை 6,070. நகைக்கடன் 3,70,000 ஆயிரும்ல, அதுக்கு வட்டி வருசத்துக்கு 37,000, மாசத்துக்குப் பிரிச்சா 3,080. ஒரு மாசத்துக்கு 25 நாள் ஓடினா 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 30 கிலோமீட்டர் குடுத்தாலும் பெட்ரோல் 3,300 பக்கம் வரும். சர்வீஸ், டயர், ஆயில்னு சராசரியா 1,000. கூட்டினா 13,450. வீட்டுக்குக் குடுக்கிற 8,000த்தையும் சேர்த்தா 21,450. உனக்கு வாறதே 21,000. மத்தியானம் சாப்பாடு, போன் ரீசார்ஜ், முடிவெட்டு ஒண்ணும் இதுல நான் எழுதல.

அப்புறம் அந்த 8 சதவீத வட்டின்னு உன்கிட்ட சொல்லியிருப்பாங்க, அது ஃப்ளாட். 2,60,000க்கு அஞ்சு வருசமும் முழுசா 8 போட்டு 1,04,000 வட்டி எழுதியிருக்காங்க. நீ மாசாமாசம் அசலைக் குறைச்சிட்டே வாறதைக் கணக்குல எடுத்தா நிஜ வட்டி 14 பக்கம் வருது. தவணை கட்டினா சிபில் ஸ்கோர், அதான் கடனை ஒழுங்கா கட்டுறியான்னு போடுற மார்க், ஏறும்னு சொல்லுவாங்க, ஏறும் தான். ஸ்கோரை வச்சு என்ன செய்யப் போற, இன்னொரு கடன் தானே வாங்கப் போற.

சரி, வண்டி. மச்சான் மேல எனக்குக் கோவம் ஒண்ணுமில்ல, ஆசையில சொல்றான், ஞாயிற்றுக்கிழமை திற்பரப்புக்கோ பேச்சிப்பாறைக்கோ போறப்போ ஓட்டிப் பாக்க உன் வண்டி கிடைக்கும்ல. ஆனா ஹிமாலயன் 196 கிலோ, சீட் உயரம் 825 மில்லிமீட்டர், 40 குதிரைசக்தி. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, 785 மில்லிமீட்டர், 8 குதிரைசக்தி. ஷைன் 100 இன்னும் கம்மி, 99 கிலோ. இந்த நம்பரை எல்லாம் கடையில இருக்கிறவன் டாப் ஸ்பீடுக்கு சொல்லுவான், நான் சொல்றது வண்டி நிக்கும்போது. வண்டி ஓட்டப் படிக்கிறவன் விழுறது பெரும்பாலும் நிக்கிறப்போ தான், இல்லன்னா நடக்கிற வேகத்துல.

நான் ஓட்டப் படிச்ச காலத்துல வேர்கிளம்பி பக்கம் ஒரு வீட்டுக்கு ஏறுற சரிவு, செம்மண்ணு, முந்தின நாள் மழை வேற, மேல ரப்பர் இலை கிடக்கு. ஏறி பாதி வழியில கிளட்சை சட்டுனு விட்டுட்டேன், எஞ்சின் நின்னுச்சு, முன் பிரேக்கைப் பிடிச்சேன், வண்டி இடது பக்கம் சாஞ்சுது. காலை ஊணி இடுப்பால தாங்கிட்டு அப்படியே நின்னேன், கெண்டைக்கால்ல சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் இருக்கு, ஆனா வண்டி கீழ விழல. 100 சிசி வண்டி, தாங்க முடிஞ்சுது. 196 கிலோவை, கால் முழுசா தரையில எட்டாம விரல் நுனியில நின்னுட்டு, உன்னால தாங்க முடியாது தம்பி, என்னாலயும் முடியாது. விழுந்தா இண்டிகேட்டர், லிவர், கிராஷ் கார்டு, பில் வரும்போது புரியும். சின்ன வண்டியில கியர் தப்பாப் போட்டாலும், திராட்டிலைக் கொஞ்சம் கூடத் திருகிட்டாலும் ஒரு முனகல் முனகிட்டு மெதுவாத்தான் போகும், நீ சுதாரிக்க நேரம் இருக்கும்.

ஆரல்வாய்மொழி காத்துக்கு வெயிட்டான வண்டி தான் சரின்னு மச்சான் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, ஆடி மாசம் முப்பந்தல் பக்கம் போனா சின்ன வண்டி பக்கவாட்டுல ஆடத்தான் செய்யும், வேகத்தைக் குறைச்சுப் பைய போகணும். ஆனா நீ தினமும் அந்தப் பக்கமா போற? தக்கலை, வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை, பார்வதிபுரம், அவ்வளவு தானே உன் ரோடு. காலையில எட்டரை மணிக்கு அந்த ரோட்டுல பஸ்சுக்குப் பின்னாடி முதல் கியரும் ரெண்டாம் கியரும் தான் ஓடும்.

பெரிய வண்டிக்கு வேற ஒரு செலவும் உண்டு, அதை யாரும் சத்தமா சொல்றதில்ல. 2025 செப்டம்பர் 22லருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்கு மேல 40. புது வண்டிக்கு அஞ்சு வருசத்துக்கு மூணாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே கட்டணும், 2022ல போட்ட ரேட்படி 75 தாண்டி 150 சிசி வரைக்கும் 3,851, 350 தாண்டினா 15,117. நம்ம ஊரு ஆயுள் வரியும் வண்டி விலை 1 லட்சம் வரைக்கும் 10 சதவீதம், அதுக்கு மேல 12. நீ கட்டப்போற 3,60,000ல இரும்புக்கும் ரப்பருக்கும் போறது எவ்வளவு, வரியா போறது எவ்வளவுன்னு நீயே போட்டுப் பாரு.

இனி என்ன செய்யணும்னு சொல்றேன். இந்த வருசம் புதுக்கும்போது வட்டி 27,000ஐ உன் 30,000 சேமிப்புல இருந்து கட்டு. வயிறு எரியும், தெரியும். ஆனா அஞ்சு வருசத்துல முதல் தடவையா நகை மேல கடன் ஏறாம நிக்கும். அப்புறம், தவணை, பெட்ரோல், சர்வீஸ்னு மாசம் 10,000த்துக்கு மேல எடுத்து வைக்க முடியும்னு நம்பித்தானே இந்தக் கடிதத்தை எழுதின? அதுல 8,000த்தை இந்த மாசத்துலருந்தே தனியா ஒரு அக்கவுண்ட்ல போடு, பஸ்லயே போய்ட்டு வா. அஞ்சு மாசத்துல 40,000. எல்எல்ஆர் ஆறு மாசம் செல்லும், 30 நாள் கழிஞ்சா டெஸ்ட்டுக்குப் போகலாம், அதனால அவசரமே இல்ல. அதுவரைக்கும் மச்சான்கிட்ட இருக்கிற பழைய வண்டியை ஞாயிறு காலையில வாங்கி, ஏதாவது பள்ளிக்கூட மைதானத்துல அரை மணி நேரம் கிளட்சு மட்டும் விட்டு விட்டுப் பழகு. மச்சான் லைசென்ஸ் இருக்கிறவன்னா அவன் உனக்குப் பின்னாடி உக்காரலாம், வேற யாரையும் ஏத்தாதே.

40,000 சேர்ந்ததும் நாலஞ்சு வருசம் ஓடின 100, 110 சிசி வண்டி ஒண்ணு பாரு, தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய். ஆர்சியில ஏதாவது ஃபைனான்ஸ் பேரு ஏறியிருந்தா அதை எடுத்துக் குடுத்தாத்தான் பணம்னு சொல்லிரு. தவணையை நீ கட்டிக்கோ, பேரு அப்புறம் மாத்திக்கலாம்னு யாராவது சொன்னா, சொந்தக்காரனா இருந்தாலும் திரும்பி வந்துரு. ஃபார்ம் 29, 30 கையெழுத்து வாங்கி பேரு மாத்து, இன்சூரன்சையும் 14 நாளைக்குள்ள உன் பேருக்கு மாத்த எழுதிக் குடு, இதைத்தான் எல்லாரும் விட்டுருவாங்க. அதுக்கு அப்புறம் மாசச் செலவு பெட்ரோல் 1,700, சர்வீஸ் 400, நகை வட்டிக்குன்னு 2,250, அசலுக்கு 3,000. வீட்டுக்கு 8,000 குடுத்தும் கையில 5,650 இருக்கும். ஒரு வருசம் ஓட்டிட்டு அப்பவும் ஹிமாலயன் ஆசை இருந்தா எழுது, பேசலாம்.

ரேட் ஏறினதுல லாபமே எடுக்கக் கூடாதான்னு கேப்ப. எடு, வேற விதமா. 6 பவுனுக்கு 3,70,000 தருவாங்கன்னா பவுனுக்கு 61,000 சொச்சம். உன் 2,70,000க்கு நாலரை பவுன் கூட வேண்டாம். ரேட் கொஞ்சம் இறங்கினாலும் போன் போட்டுத் தொந்தரவு பண்ணாம இருக்க, இடம் விட்டு 5 பவுன் வச்சிரு, ஒரு பவுனைக் கேட்டு வாங்கு. சீட்டுல பார்த்தேன், ஒரு பவுன் வளையல் தனியா இருக்கு. இப்படிக் கேட்டா கவுண்டர்ல அவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, ஏன்னா எல்லாரும் மேல்பணம் தான் கேப்பாங்க, நகையை யாரும் கேக்கிறதில்ல.

புதுக்கிற அன்னைக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போ. ஒண்ணும் சொல்லாம இருக்கிறவங்க, வாசல்ல கேட்டா ஏதாவது சொல்லுவாங்க. பழைய சீட்டையும் கொண்டு போ, வளையலைக் கையில வாங்கின உடனே அங்கயே எடை போடச் சொல்லி, சீட்டுல இருக்கிற கிராமோட ஒத்துப் பாத்துட்டு வெளிய வாங்க.