பின்னிருக்கையில் இருப்பவருக்குக் காரணம் தெரிய வேண்டும்

கேள்வி: எங்கள் புதிய காரில் ஏடிஏஎஸ் (ஓட்டுநருக்கு உதவ, தானாக பிரேக் போடுவது போன்றவற்றைச் செய்யும் அமைப்பு) வசதி உண்டு. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கார் தானாக பிரேக் போட்டால், பின்னால் இருக்கும் என் மாமியார் பதறிப்போகிறார். முன்கண்ணாடியில், எதிரே தெரியும் சாலையின் மேலேயே படம் காட்டும் ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி) கருவி பொருத்தினால் அவர் பயம் குறையுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மாமியாருக்காக என்றால் அதை வாங்க வேண்டாம். அந்தப் பிம்பம் ஓட்டுநரின் கண் இருக்கும் சிறிய இடத்துக்கென்றே கணக்கிட்டு வீழ்த்தப்படுவது. மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் 2020-இல் அறிமுகமான ஏஆர் காட்சி, சுமார் 10 மீட்டர் முன்னால் சாலையின் மேலேயே அம்புக்குறி மிதப்பதுபோல் காட்டும். அதுவும் ஓட்டுநருக்கு மட்டுமே தெரியும்.

லாரிகளுக்கு இடையிலிருந்து நுழையும் பைக்கை ஓட்டுபவர் பார்த்துவிடுகிறார். முன்னிருக்கையின் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கோ குலுக்கல் மட்டுமே தெரிகிறது. அமெரிக்காவில் ஓட்டுநரே இல்லாமல் ஓடும் வேமோ டாக்ஸிகளில் இதற்காகவே பின்னிருக்கைக்கு எதிரில் ஒரு திரை இருக்கிறது. சுற்றியுள்ள வண்டிகள், பாதசாரிகள், போகப்போகும் வழி ஆகியவை அதில் சித்திரமாக நகர்ந்துகொண்டிருக்கும். பாதசாரிக்கு வழிவிட்டுக் கார் நின்றால் அதையும் எழுத்தில் சொல்லும்.

எவ்வளவு சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட சிமுலேட்டர் (செயற்கைச் சாலையில் ஓட்டிப் பார்க்கும் கருவி) ஆய்வில், தானாக பிரேக் போடும் காரை ஓட்டியவர்கள், ‘முன்னால் தடை இருக்கிறது’ என்பதுபோன்ற காரணத்தை மட்டும் கேட்பதையே அதிகம் விரும்பினர். காரணத்தோடு, கார் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னபோது ஓட்டுவது மிகப் பாதுகாப்பாக அமைந்தாலும் மனப்பதற்றம் கூடியது. கையில் ஸ்டீயரிங் இல்லாத பயணிக்குக் காரணம் ஒன்றே போதும் என்பது என் கருத்து. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்ணில் படும் ஒவ்வோர் ஆட்டோவையும் திரையில் சிவப்புக் கட்டமிட்டுக் காட்டினால், துணிச்சல்காரருக்கும் பயம் வந்துவிடும்.

ஆகவே, அவரை இடப்பக்க முன்னிருக்கையில் சீட் பெல்ட்டோடு உட்கார வையுங்கள். சாலை கண்ணுக்குத் தெரிந்தாலே குமட்டலும் குறையும். ஓட்டுபவர், ‘முன்னால லாரி நிக்குதும்மா, கார் தானா ஸ்லோ ஆகும்’ என்று, பிரேக் விழுவதற்கு முன்பே சொல்லட்டும். பிறகு சொல்வதால் அந்த அதிர்ச்சி தணியாது. வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் க்ரூஸ் கன்ட்ரோலில் முன்வண்டியோடு விடும் இடைவெளியைக் கூட்டி வைத்தால் பிரேக் மென்மையாக விழும், ஆனால் நெரிசலில் அந்த இடைவெளியில் யாராவது புகுந்துவிடுவதால், அங்கே க்ரூஸைத் தவிர்த்து ஓட்டுபவரே வேகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. மாமியார் பயப்படுகிறார் என்பதற்காகத் தானியங்கி அவசர பிரேக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.