மதுரைப் பக்கம் சில ஊர்களில் ஜனம் பெருகுகிறது, சில ஊர்கள் காலியாகின்றன. எதனால்?

பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு என்று மூன்றைப் பாடப்புத்தகம் சொல்லும். சரிதான். ஆனால் எங்கள் மாவட்டத்தில் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

1876-78இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்கள் போக, பிழைப்பு தேடி இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். 1895இல் முல்லைப்பெரியாறு தண்ணீர் வைகைப் படுகைக்கு வந்தது. கால்வாய் போன மேலூர் வரைக்கும் நெல் விளைந்தது, ஊர்களும் நெருங்கின. மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் பெரும்பாலும் மானாவாரிதான். மழை பொய்த்தால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். முறுக்குப் போடும் வேலைக்கென்று வெளி மாநிலம் போன குடும்பங்கள் அங்கே நிறைய. இன்றைக்கும் பக்கத்து சிவகங்கையில் சதுர கிலோமீட்டருக்கு 300 சொச்சம் பேர், மதுரையில் 800க்கு மேல் (2011 கணக்கு). மண்ணும் நீரும் ஒரு பாதி என்றால், மில், ஆஸ்பத்திரி, கல்லூரி, கடைவீதி என்று நகரம் இழுத்தது மறுபாதி.

மாநகராட்சிக் கணக்கைப் பார்க்கும்போது மட்டும் ஜாக்கிரதை. 2011இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் எல்லாம் சேர்ந்து 72 வார்டு 100 ஆனது. எல்லை விரிந்தால் ஒருவரும் குடிவராமலேயே எண்ணிக்கை ஏறும்.

அப்புறம், பலருக்கும் குழப்பம் தரும் விஷயம் ஒன்று. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான் (2019-21). பெற்றோரின் எண்ணிக்கையை ஈடுகட்டவே 2.1 வேண்டும். இந்தக் குறைவு நேற்று வந்ததல்ல, 2000வாக்கிலேயே ஏறக்குறைய அந்த 2.1க்கு இறங்கிவிட்டோம். ஆனாலும் மதுரை மாவட்டம் 2001இல் இருந்த சுமார் 25.8 லட்சத்திலிருந்து 2011இல் 30.4 லட்சம் ஆனது. வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம். முந்தைய தலைமுறையில் பிறந்த பெருங்கூட்டம் கல்யாண வயதுக்கு வந்தது இன்னொரு பக்கம். ஆளுக்கு ஒன்றிரண்டு பெற்றாலும் பெறுகிறவர்கள் அதிகம், சாவும் குறைந்துவிட்டது.

பிறப்பு குறைந்ததற்குப் பெண்கள் படித்ததும், கல்யாண வயது தள்ளிப்போனதும், பிறந்த பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்ததும்தான் பெரிய காரணங்கள். இதில் எனக்கு முழுச் சந்தோஷம் இல்லை. பிள்ளை ஒன்றிரண்டு போதும் என்றானபோது, அது ஆணாக இருக்கட்டும் என்ற ஆசை சேர்ந்தே வந்தது. உசிலம்பட்டியின் பெயர் பெண் சிசுக் கொலையோடு சேர்ந்து நாடு முழுக்க அடிபட்டது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப்போகட்டும் என்று 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதனால் ஒரு ஊரில் மக்கள்தொகை குறைந்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், 0-6 வயதில் ஆயிரம் பையன்களுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.