பூட்டும் அழைப்புமணியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குற்றப் புனைவுகள் குறித்த உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அக்கதைகளில் கொலைகாரன் பல சமயம் ‘என்னை என்னாலேயே தடுக்க முடியவில்லை’ என்கிறான். என் தம்பியும் இதையேதான் சொல்கிறான். இரவில் வாசற்கதவைப் பூட்டிவிட்டுப் படுத்தவன், திரும்பத் திரும்ப எழுந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறான். இரண்டும் ஒன்றுதானா? அவனை நினைத்தால் பயமாக இருக்கிறது.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

பூட்டை இழுத்துப் பார்ப்பதை வைத்து உங்கள் தம்பியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வீட்டாருக்கு ஏதும் நேர்ந்துவிடுமோ, அதற்குத் தான் காரணமாகிவிடுவோமோ என்ற பதைப்புதான் இப்படிப்பட்டவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்புகிறது. குற்றக் கதைகளில் பலவும் கொலைக்கான காரணத்தைத் தேடும் உழைப்பைத் தவிர்க்கவே ‘அடக்க முடியாத உந்துதல்’ என்ற பெயரைப் பயன்படுத்துகின்றன. அதனால் நோயுற்றவர்கள் மீது வீண் சந்தேகம் படிகிறது என்பதே எனக்குள்ள வருத்தம்.

விதிவிலக்காக, ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) நாவலில் ஓர் இடம் உண்டு. வட்டிக்கடைக் கிழவியைக் கொன்ற ரஸ்கோல்நிகாவ் சில நாட்கள் கழித்து அதே வீட்டுக்குப் போகிறான். உள்ளே வேலையாட்கள் சுவருக்குப் புதுக் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவன் வாசல் மணியை இழுக்கிறான்; இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இழுத்துக் காதுகொடுத்துக் கேட்கிறான். கொலை நடந்த அன்று வெளியே ஒருவர் அதே மணியை இழுத்துக்கொண்டிருக்க, கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்ற பயங்கரம் மீண்டும் அவனுக்குள் ஏறுகிறது. நடுங்க நடுங்க ஓர் இன்பமும் கூடுகிறது. வேலையாட்களின் சந்தேகத்தைத் தவிர அவனுக்கு அங்கே கிடைப்பது ஏதுமில்லை. கோடரியைத் தூக்கிய காட்சியைவிட இதுவே என்னை அதிகம் உலுக்கியது. இதை எழுதியவரும் அத்தகைய இழுப்பை அனுபவித்தவர். மனைவி அன்னாவின் நகைகள் அடகுக்குப் போன பின்னும், 1871 வரை, ரூலட் எனும் சூதாட்ட மேசையை அவரால் விட முடியவில்லை.

ஆனால் உங்கள் தம்பியின் நிலையில் அந்த இன்பம்கூட இல்லை. பூட்டை இழுத்ததும் சற்று நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியே அடுத்த சந்தேகத்துக்கு வழி திறந்துவிடுகிறது. நீங்கள் ‘பூட்டித்தான் இருக்கிறது, நான் பார்த்தேன்’ என்று அன்போடு சொல்லும் உறுதியும் அதே வேலையைத்தான் செய்யும். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கான பயிற்சி இதற்கு நேர் எதிரானது. ஒருமுறை பூட்டிவிட்டு, மறுபடி போய்ப் பார்க்காமல், பதைப்பு தானாக இறங்கும்வரை அதைத் தாங்கியிருக்கப் பழக்குவார்கள். 1966இல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் இம்முறையில் நோயாளிகள் தேறியதைப் பதிவுசெய்தார். மருந்துகளும் உள்ளன.

இது ஓசிடிதானா என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் தம்பியை அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன் பேசிப் பார்க்க விரும்பினால், அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.